மூன்று தடம்

வட்டமடுவில் மீனைத் துரத்தி மூழ்கிய முக்குளிப்பான் ஒன்று, மேலே வர வழியின்றித் தவித்தது.

குமிழி என்பது அதன் பெயர். ஒரு கைக்குள் அடங்கிவிடும் பெண்பறவை. எனினும் நீருக்கடியில் அவளைப் பின்தொடர அந்த மடுவில் எவராலும் இயலாது. அத்தகையவள் அன்று தலையால் கூரையை முட்டிக்கொண்டிருந்தாள். நீருக்கு ஏது கூரை? ஆகாயத்தாமரையின் வேர்கள்தாம் பாய் பின்னியதுபோல் மேற்பரப்பை அடைத்துக் கிடந்தன.

முட்டினாள். வேர் விலகவில்லை. இடப்புறம் திரும்பி மீண்டும் முட்டினாள். விலகவில்லை! மூச்சு முடியப்போகும் வேளையில் தொலைவில் ஒரு வெளிச்சக் கீற்றுத் தெரிந்தது. அதை நோக்கிக் காலை உதைத்துப் பாய்ந்து, நீரைப் பிளந்துகொண்டு வெளியே வந்தாள்.

மிதக்கும் கூட்டில் அடைகாத்திருந்த அவள் கணவன் சுழியன் கழுத்தை நீட்டினான்.

"மீன் எங்கே?"

"மீனா? நான் திரும்பி வந்ததே பெரிது! சென்ற முழுநிலவன்று எட்டு எருமைகள் படுக்கும் அளவுக்கு வெறும் நீர் இருந்தது. இன்று நான்கு எருமைக்குத்தான் இடம்!"

"முட்டைகள் பொரிய இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறதே!"

"அதைத்தான் நானும் எண்ணிக்கொண்டே வந்தேன்."

முக்குளிப்பான் தரையில் நடந்து பிழைக்கும் பறவை அன்று; குட்டைச் சிறகால் பறப்பதும் அதற்கு அரிது. அதன் கால்கள் உடலின் கடைக்கோடியில் முளைத்தவை; கரையில் நான்கு அடி வைப்பதற்குள் மார்பு மண்ணில் உரசும். மூழ்க நீரில்லாவிட்டால் அதற்கும் உணவில்லை, அதன் குஞ்சுகளுக்கும் உணவில்லை. களை இதே வேகத்தில் பரவினால், குஞ்சுகள் ஓட்டை உடைத்து வெளிவரும் நாளில் வட்டமடுவில் ஒரு துளி வெறும் நீரும் இராது.

குமிழி நேரே மடுவின் தலைவரிடம் போனாள்.

தலைவர் ஒரு கூழைக்கடா. பேரலகர் என்று அவரை அழைப்பார்கள். அவருடைய அலகுக்குக் கீழே ஒரு பெரிய பை தொங்கியது. அந்தப் பைக்குள் போனது எதுவும் வெளியே வந்ததாக வரலாறு இல்லை. மூன்று மாரிக்கு முன் வெள்ளத்தில் மிதந்து வந்த முதல் ஆகாயத்தாமரையைக் கண்டு, "ஆகா, ஊதாப்பூ! நம் மடுவுக்கு மணிமுடி!" என்று வரவேற்றவரும் அவரே.

"ஐயா, மணிமுடி கழுத்துவரை இறங்கிவிட்டது!" என்றாள் குமிழி. "நாரைகள் பிடுங்கிப் பார்த்தார்கள். எருமைகள் தின்று பார்த்தார்கள். பிடுங்கிய இடத்தில் இரட்டிப்பாக முளைக்கிறது. காரணம் நமக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் எவரேனும் இருக்கக்கூடும். கேட்டுப் பார்ப்போம்!"

"கேட்பதா?" என்று அலகை உயர்த்தினார் பேரலகர். "வட்டமடு யாரிடமும் போய்க் கேட்டதில்லை!"

அந்த நேரம் பார்த்து ஒரு மீன்கொத்தி அம்புபோல் வந்து நாணல் தண்டில் அமர்ந்தது. அது மருதமரத்து அவையின் தூதன்.

அந்தக் காட்டில் ஏழு நீர்நிலைகள் இருந்தன. ஒவ்வொன்றும் தன்னைத் தனி நாடென்றே கருதியது. வட்டமடு நீங்கலாக மற்ற ஆறும் ஆண்டுதோறும் தம் உணவில் ஒரு பகுதியை ஆற்றங்கரை மருதமரத்தடியில் பொதுவாகக் குவித்துவைக்கும். எங்கேனும் ஒரு நோயோ கேடோ தோன்றினால், அதன் காரணத்தை ஆராயப் புறப்படுபவர்களுக்கு அந்தக் குவையிலிருந்து உணவு போகும். இரை தேடி அலையும் உயிரால் காரணம் தேடி அலைய முடியாதல்லவா? வட்டமடு மட்டும், "எங்கள் மீன் எங்கள் வயிற்றுக்கு!" என்று சொல்லி ஒதுங்கியே இருந்தது.

"வட்டமடுவாரே, கேளுங்கள்!" என்று கூவினான் தூதன். "இன்றைக்கு மூன்றாம் நாள் அவை கூடுகிறது. சேர விரும்புவோர் பத்துக் கூடை உணவு தரலாம். ஆராய விரும்புவோர் களிமண் பலகையோடு வரலாம். விதி ஒன்றே! பலகையில் மூன்று தடம் சேர்ந்திருக்க வேண்டும். தனித் தடம் ஏற்கப்படாது!"

பேரலகர் மறுக்க வாயெடுத்தார். அதற்குள் அவருடைய அமைச்சர் கவைக்காலன் அவர் காதோரம் ஏறிவிட்டார். கவைக்காலன் ஒரு நண்டு. எந்த இடத்துக்கும் அவர் நேராகப் போனதில்லை.

"தலைவரே, இடாமல் எடுக்க முடியாது. பத்துக் கூடை இட்டால், ஆராய்ச்சி என்று சொல்லிப் பன்னிரண்டு கூடை எடுக்கலாம்!"

பேரலகரின் கண் மலர்ந்தது. "இட்டதற்கு மேல் இரண்டு! அப்படியென்றால் சேருவோம்!"

அன்றே பத்துக் கூடை மீன் மருதமரத்துக்குப் போயிற்று. ஒவ்வொரு கூடைக்கும் பேரலகர் ஒரு பெருமூச்சு விட்டார்.

மறுநாள் களிமண் பிசைந்து பலகை செய்தார்கள். கவைக்காலன் கட்டளையிட்டார். "மூன்று தடம் கேட்டிருக்கிறார்கள். தலைவரின் கால் தடம் ஒன்று. என் கால் தடம் ஒன்று. மூன்றாவதாகக் குமிழி, நீ ஏறி மிதி!"

குமிழி ஏறினாள். இரண்டாம் அடியில் குப்புற விழுந்தாள். பலகையில் பதிந்தது அவள் மார்பு.

"கால் வைக்கத் தெரியாதவளுக்கு ஆராய்ச்சி ஒரு கேடா?" என்று நகைத்து, கவைக்காலன் ஒரு கீரியைப் பிடித்துவந்து மிதிக்கச் செய்தார்.

குமிழிக்கு ஓர் ஐயம். "அமைச்சரே, தனித் தடம் ஏற்கப்படாது என்று தூதன் சொன்னானே, அது ஏன்? ஒற்றைக் காலோடு விண்ணப்பம் போட எவர் போகப்போகிறார்?"

"கொக்குகளுக்காகச் சொன்ன விதியம்மா அது! அவர்கள்தாம் ஒற்றைக் காலில் நிற்பவர்கள்."

"எதற்கும் தூதனை ஒருமுறை கேட்டுவிடுவோமே?"

"வட்டமடு கேட்காது!" என்று முழங்கினார் பேரலகர்.

மூன்றாம் நாள் பேரலகர் பலகையைப் பைக்குள் போட்டுக்கொண்டு பறந்தார். கவைக்காலன் அவர் முதுகில் அமர்ந்தார். குமிழியோ ஆகாயத்தாமரைச் செடி ஒன்றை வேரோடு கவ்விக்கொண்டு, ஆற்றோட்டத்தில் நீந்திப் போனாள். ஆராயவேண்டிய பொருளைக் காட்டாமல் ஆராய்ச்சி கேட்பது அவளுக்கு முறையாகப் படவில்லை.

உச்சிவேளை. மருதமரத்தடியில் ஏழு நாட்டு உயிர்களும் நெருக்கியடித்து நின்றன. ஆமைகள் முணுமுணுத்தன, அணில்கள் கிளைதோறும் தாவின, நீர்நாய்கள் ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டன. நடுவில் ஒரு பாறைமீது அவைத்தலைவி நின்றார். அவர் வெள்ளை அரிவாள்மூக்கன் இனத்தவர். வளைந்த அலகு, கூர்ந்த பார்வை. அரிவாள்மூக்கி அம்மையார் என்றால் ஆற்று முதலையும் வாயை மூடிக்கொள்ளும்.

"வட்டமடு!"

பேரலகர் பலகையைத் துப்பினார். அம்மையார் குனிந்து பார்த்தார். சுற்றி நடந்தும் பார்த்தார்.

"இவை என்ன?"

"மூன்று தடம், அம்மையே! அவை கேட்டபடியே!" என்றார் கவைக்காலன்.

"யாருடைய தடம்?"

"தலைவருடைய கால் ஒன்று, என்னுடையது ஒன்று, கீரியுடையது ஒன்று. ஐயமிருந்தால் என் எட்டுக் கால்களையும் எண்ணிக்கொள்ளலாம்!"

 முதலில் ஒரு தவளை விக்கியது. அடுத்த கணம் ஆற்றங்கரையே அதிர்ந்தது! நீர்நாய்கள் உருண்டு புரண்டு சிரித்தன. கிளையிலிருந்த அணில் ஒன்று சிரித்துச் சிரித்துப் பிடி நழுவி ஆமையின் முதுகில் விழுந்தது.

அம்மையார் மட்டும் சிரிக்கவில்லை. "நண்டாரே, தடாகத்தில் பிறந்து தடாகத்தில் வளர்ந்தவர் நீர். தடம் என்றால் குளம் என்றும் ஒரு பொருள் உண்டு என்பதை எங்கே தொலைத்தீர்? மூன்று தடம் என்றால் மூன்று நீர்நிலைகள். மூன்று நாட்டார் ஒன்றுகூடி, மூன்று நாட்டு மண்ணையும் ஒன்றாகப் பிசைந்து, ஒரே பலகையாகக் கொண்டுவர வேண்டும். ஒரு நாட்டார் தமக்குத் தாமே செய்துகொள்ளும் ஆராய்ச்சிக்கு இந்த அவை எதற்கு?"

"தூதன் தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டும்!" என்று சீறினார் கவைக்காலன்.

"நீர் ஒரு சொல் கேட்டிருக்கலாமே!" என்றான் மீன்கொத்தி.

பேரலகரின் கழுத்துச் சிவந்தது. "எங்களுக்கு ஆராய்ச்சியும் வேண்டாம், அவையும் வேண்டாம்! எங்கள் பத்துக் கூடையைத் திருப்பிக் கொடுங்கள்!"

"அந்த மீன், அல்லிக்குளத்துக் கொப்புள நோயை ஆராயும் ஆமைகளுக்கு உணவாகிவிட்டது."

"அல்லிக்குளத்து நோய்க்கும் எங்களுக்கும் என்ன தொடர்பு?"

"ஆராய்ந்து முடித்தால் தெரியும்," என்றார் அம்மையார். "இந்த மருதமரத்தின் நிழல் ஆற்று நீரைத் தொடும்வரை அவையின் கதவு திறந்திருக்கும். அடுத்த அவை அடுத்த மாரிக்குப் பிறகுதான்."

பேரலகர் பலகையை மீண்டும் பைக்குள் வீசிக்கொண்டார். விருட்டென்று பறந்து, அக்கரையில் ஒரு மேட்டின்மேல் போய் முதுகு காட்டி அமர்ந்தார்.

குமிழி மரத்தை நிமிர்ந்து பார்த்தாள். நிழலின் நுனிக்கும் நீருக்கும் இடையே இருபது முழம் இருக்கும். அடுத்த மாரிக்குப் பிறகு! அவள் முட்டைகளுக்கு எஞ்சியிருப்பவை ஒன்பது நாள்கள்!

அவள் அழுதுகொண்டு நிற்கவில்லை. அதற்கு நேரமில்லை. செடியைக் கவ்விக்கொண்டு கரையோரமாகவே நீந்தினாள்.

"ஆகாயத்தாமரை! ஆகாயத்தாமரை அறிந்தவர் எவரேனும் உண்டா?"

நீர்மேல் சாய்ந்திருந்த கிளையிலிருந்து ஒரு மலையணில் எட்டிப் பார்த்தது. செம்பாறைச் சுனையிலிருந்து வந்த செவ்வாலி அவள். முன்கைகளில் பாதி தின்ற அத்திப்பழம்.

"அந்தச் சனியன் எங்கள் சுனையிலும் உண்டு. ஆனால் எங்களை அது ஆட்டிப்படைக்க முடியாது! கூன்வண்டு என்று சாம்பல் நிறத்தில் ஒன்று. அது இலையைச் சுரண்டித் தின்றே செடியைச் சாய்த்துவிடும்."

"அப்படியானால் உங்களுக்குக் கவலையே இல்லை!"

"இல்லையென்று எவள் சொன்னாள்? ஒவ்வோர் ஆண்டும் அழிகிறது. ஒவ்வோர் ஆண்டும் புதிதாக முளைக்கிறது. எங்கிருந்து வருகிறதென்றே தெரியவில்லை. வானத்திலிருந்தா விழுகிறது?"

"வானத்திலிருந்து அன்று, சேற்றிலிருந்து!" என்று துள்ளினாள் குமிழி. "கடுகைவிடச் சிறிய விதை. சேற்றில் மறைந்து கிடக்கும். கோடையில் நீர் குறைந்து, வெளிச்சம் சேற்றைத் தொட்டதும் முளைவிடும். நான் அடிவரை மூழ்கிப் போகிறவள். கண்ணால் கண்டிருக்கிறேன்!"

செவ்வாலியின் கையிலிருந்து அத்திப்பழம் நழுவி நீரில் விழுந்தது. "பத்து ஆண்டாக இதைத் தேடுகிறோம்! இதை ஏன் நீ யாரிடமும் சொல்லவில்லை?"

"யாரும் கேட்கவில்லை. நானும் யாரிடமும் கேட்கவில்லை. கூன்வண்டைப் பற்றி இப்போதுதான் கேள்விப்படுகிறேன்!"

நீரிலிருந்து ஒரு மீசை முகம் எழுந்தது. "இங்கே என்ன கூச்சல்? என் பெயர் உப்பிலி. உப்பங்கழியில் பிறந்தவனுக்கு உப்பிலி என்று பெயர் வைத்த அறிவாளிகளின் மகன்." அது கழிமுகத்து நீர்நாய். செடியைப் பார்த்ததும் அது மூக்கைச் சுளித்தது. "ஓ, இந்த நாற்றம் பிடித்ததை அனுப்புகிறவர்கள் நீங்கள்தாமா! ஒவ்வொரு வெள்ளத்திலும் மலைமலையாக வந்து எங்கள் கழியில் குவிகிறது. உப்புநீர் பட்டதும் சாகிறது. செத்து அழுகி எங்கள் இறால்களையும் சாகடிக்கிறது!"

"உப்புநீரில் சாகுமா?" குமிழியும் செவ்வாலியும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"சாகாமல் என்ன செய்யும்? சிறிது சிறிதாக வந்தால் கடலலையே வாரிக்கொண்டு போய்விடும். ஒரேயடியாக வருவதுதான் தொல்லை."

குமிழி அவன் முன்னால் பாய்ந்து வந்தாள். "அப்படியானால் வெள்ளம் வரும்வரை காத்திராதீர்! உம் கூட்டத்தோடு இப்போதே எங்கள் மடுவுக்கு வாரும். உங்கள் பற்களால் களையை வெட்டி, உங்கள் கழி தாங்கும் அளவாகப் பார்த்து நீங்களே ஆற்றில் விடுங்கள். எங்களுக்கு நீர் திறக்கும். உங்களுக்கு இறால் பிழைக்கும்!"

"வெட்டிய இடத்தில் மீண்டும் பரவுமே?"

"பரவுவதைத் தின்ன எங்கள் வண்டு வரும்!" என்றாள் செவ்வாலி.

"சேற்றிலிருந்து முளைப்பதை நான் மூழ்கிப் பார்த்துச் சொல்வேன். உங்கள் சுனைக்கும் வந்து பார்ப்பேன்!" என்றாள் குமிழி.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்று தடம்!

"மண்!" என்று கத்தினான் உப்பிலி. "மூன்று நாட்டு மண் வேண்டும்! அவைக்கென்று கொண்டுவந்த கழிமண் என்னிடம் இருக்கிறது."

"என்னிடம் செம்மண் இருக்கிறது!"

குமிழியிடம் இல்லை. வட்டமடுவிலிருந்து கொண்டுவந்த கருமண் முழுவதும் அந்தப் பலகையில் இருந்தது. பலகை பேரலகரின் பையில் இருந்தது. பேரலகரோ அக்கரை மேட்டில், நீரிலிருந்து முப்பது அடி தொலைவில்.

நிழலின் நுனிக்கும் நீருக்கும் இடையே எட்டு முழம்!

குமிழி ஆற்றைக் குறுக்கே நீந்திக் கடந்து கரையில் ஏறினாள். நான்கு அடி நடந்தாள், விழுந்தாள். எழுந்தாள், மூன்று அடியில் விழுந்தாள். பிறகு எழ முயலவில்லை. மார்பால் தேய்த்து, சிறகால் தரையைத் துழாவி, சரளைக் கற்களின்மீது ஊர்ந்தே போனாள். மேட்டை அடைந்தபோது அவள் மார்பு இறகுகள் பாதி உதிர்ந்திருந்தன.

"யார் அது, ஓணானா?" என்று எட்டிப் பார்த்தார் கவைக்காலன்.

"தலைவரே, பலகையைக் கொடுங்கள்! இரண்டு நாட்டார் நம்மோடு சேர ஒப்புக்கொண்டார்கள்!"

"எனக்கு வேண்டியது பத்துக் கூடை மீன்," என்றார் பேரலகர் திரும்பாமலே.

"சரி. இப்போதே அந்தப் பத்துக் கூடையும் திரும்ப வந்துவிட்டதென்றே வையுங்கள். நம் மடு முழுவதும் பகிர்ந்து உண்டால் எத்தனை நாள் வரும்?"

"மூன்று நாள்."

"நாலாம் நாள்?"

பேரலகர் அலகைச் சிறகுக்குள் செருகிக்கொண்டார்.

"நாலாம் நாள் நீங்கள் அலகை எங்கே விடுவீர்கள், ஐயா? களைக்கு மேலே மீன் இல்லை. களைக்குக் கீழே நீங்கள் போக முடியாது. நானே போய்த் திரும்ப வழியில்லாமல் தவித்தேன்."

பேரலகர் மெல்லத் திரும்பினார். அவருடைய பை வெறுமையாகத் தொங்கியது. கடைசியாக அந்தப் பை நிறைந்தது எப்போதென்று அவர் ஒருவருக்குத்தான் தெரியும். தலைவர் என்பதால் வெளியே சொல்லவில்லை.

"வண்டு தின்னுமா? உறுதியா?" என்றார் தணிந்த குரலில்.

"உறுதி இல்லை. உறுதியிருந்தால் ஆராய்ச்சி எதற்கு?"

"தலைவரே, இந்த ஓணான் சொல்வதைக் கேட்டு..." என்று தொடங்கினார் கவைக்காலன்.

"பிடித்துக்கொள்ளும், நண்டாரே!" என்றார் பேரலகர். "குமிழி, நடந்துபோனால் அடுத்த மாரிக்குத்தான் போய்ச் சேருவாய். உள்ளே ஏறு!"

அலகு திறந்தது. குமிழி பைக்குள் குதித்துப் பலகைமேல் அமர்ந்தாள். கூழைக்கடா மேலெழும்பியது!

"வாயைத் திறந்தே வையுங்கள், ஐயா! எனக்கு மூச்சு முட்டுகிறது!"

"பேசாதே! தொண்டை கூசுகிறது! விழுங்கித் தொலைத்துவிடுவேன்!"

ஆற்றின் நடுவே இருவரும் கத்திக்கொண்டே போன அந்தக் காட்சியை ஏழு நாடும் வாய்பிளந்து பார்த்தது.

நிழலின் நுனிக்கும் நீருக்கும் இடையே ஒரு முழம்!

பலகை பாறையில் விழுந்தது. உப்பிலி அதன்மேல் நீரைத் தெளித்துச் சாம்பல்நிறக் கழிமண்ணை இட்டான். செவ்வாலி செம்மண்ணைக் கொட்டினாள். மூவரும் கைகொண்டும் கால்கொண்டும் மார்புகொண்டும் பிசைந்தார்கள்.

"ஐயோ, என் எட்டுத் தடமும் அழிகிறதே!" என்று அலறினார் கவைக்காலன். அவருக்கு மறுமொழி சொல்ல எவருக்கும் ஓய்வில்லை.

கருமையும் செம்மையும் சாம்பலும் கலந்து, எந்த நாட்டு மண் என்று பிரித்துச் சொல்ல முடியாத ஒரு பலகை உருவாயிற்று. நிழல் நீரைத் தொட ஓர் இலையகலம் இருந்தபோது அதை அம்மையாரின் காலடியில் தள்ளினார்கள்.

அரிவாள்மூக்கி அம்மையார் வளைந்த அலகால் அதைத் தட்டினார். முகர்ந்தார். மூவரையும் தனித்தனியே நிறுத்திக் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டார். பிறகுதான் நிமிர்ந்தார்.

"ஏற்கிறேன். ஒரு கட்டளை. வண்டை மடு முழுவதும் விட்டுவிடக் கூடாது. அது அல்லியைத் தின்னுமா, தாமரையைத் தின்னுமா, கரையிலுள்ள நெல்லைத் தின்னுமா என்று முதலில் ஒரு மூலையில் பாருங்கள். நல்லது செய்யும் ஆசையில் இன்னொரு ஊதாப்பூவைக் கொண்டுவந்து விடாதீர்கள்!"

பேரலகர் தலைகுனிந்தார். அந்தச் சொல் எவருக்கென்று அவருக்குத் தெரியும்.

மறுநாள் காலை முப்பது நீர்நாய்கள் வட்டமடுவில் குதித்தன. பொதுக்குவையிலிருந்து அவர்களுக்குக் கிழங்கும் மீனும் வந்துகொண்டிருந்ததால், ஒருவரும் இரை தேடப் போகவில்லை. வெட்டினார்கள், இழுத்தார்கள், நாளுக்கு இருபது பாயளவு களை என்று எண்ணி ஆற்றில் விட்டார்கள். ஒரு நாள் உப்பிலியின் தம்பி உற்சாக மிகுதியால் ஐம்பது விட்டுவிட்டான். கழிமுகத்திலிருந்து அவன் பாட்டியே வந்து வசைபாடிவிட்டுப் போனாள்.

மலையிலிருந்து வண்டுகளைக் கொண்டுவரும் வேலை பேரலகருக்கு. அவருடைய பையைவிடச் சிறந்த கூடை ஏழு நாட்டிலும் இல்லை. ஆனால் வாய் மூடியபடியே அரைநாள் பறக்கவேண்டும். ஒன்றைக்கூட விழுங்கக் கூடாது. முதல் முறை இரண்டை விழுங்கிவிட்டார். செவ்வாலி அவரை விட்டுவைக்கவில்லை. அடுத்த முறை ஒன்றுகூடக் குறையவில்லை.

கிழக்கு மூலையில் வேலியிட்டு அல்லியும் தாமரையும் நெல்லும் நட்டு வண்டை விட்டுப் பார்த்தார்கள். ஆறு நாள் குமிழி அதனருகிலேயே மிதந்தாள். வண்டு ஆகாயத்தாமரையைச் சுரண்டியது. அல்லியையும் தாமரையையும் தொடவில்லை. நெல்லைத் திரும்பியும் பார்க்கவில்லை!

"தின்னவில்லை! தின்னவில்லை!" என்று அவள் கூவியபோது, எதைத் தின்னவில்லை என்று தெரியாமல் கரையிலிருந்தவர்கள் பதறிவிட்டார்கள்.

வண்டுகள் மெல்லத்தான் தின்றன. மடு முழுவதும் தெளிய இன்னும் இரண்டு கோடை ஆகும் என்று செவ்வாலி கணித்தாள். எனினும் நீர்நாய்கள் வெட்டிய வழி நாள்தோறும் அகன்றது. நான்கு எருமை இடம் பத்தாயிற்று, பத்து இருபதாயிற்று.

குமிழி முதலில் எண்ணி வைத்திருந்த அந்தப் பன்னிரண்டாம் நாளிலேயே முதல் முட்டை விரிந்தது. மறுநாள் மற்ற இரண்டும் விரிந்தன. வரிவரியாகக் கோடிட்ட மூன்று குஞ்சுகள்! சில நாள்கள் அவை பெற்றோரின் முதுகிலேயே சவாரி செய்தன. பிறகொரு காலையில் குமிழி முதுகை உதறினாள்.

"போதும். இனி மூழ்கு!"

மடுவே கூடிவிட்டது. நாரைகள் நாணலிலிருந்து கழுத்தை நீட்டின. அப்போதுதான் இன்னொரு சுமை வண்டோடு மலையிலிருந்து வந்திறங்கிய பேரலகர், வாய் மூடியபடியே கரையில் நின்றார்.

மூன்று குஞ்சுகளும் மூழ்கின.

ஒன்று எழுந்தது. இன்னொன்று எழுந்தது. மூன்றாவதைக் காணவில்லை.

சுழியன் நீரைச் சுற்றிச் சுற்றி வந்தான். குமிழி மூழ்கித் தேடி வெறுமையாகத் திரும்பினாள். நீர்நாய்கள் வெட்டுவதை நிறுத்தின. 

"அதோ!" என்று கத்தினார் பேரலகர்.

முந்தைய நாள்வரை களை மூடிக் கிடந்த நடுமடுவில், இப்போது பளபளக்கும் நீரில், நெல்லிக்காயளவு தலை ஒன்று எழுந்து நின்றது. அதன் அலகில் ஒரு சிறு மீன் துடித்தது!

மடு ஆர்ப்பரித்தது. நீர்நாய்கள் நீரை வாரி இறைத்தன. செவ்வாலி கிளையில் தலைகீழாகத் தொங்கி ஆடினாள். பேரலகர் வாய் திறந்ததில் முந்நூறு வண்டுகளும் கவைக்காலன்மேல் கொட்டிவிட்டன; அவற்றைப் பொறுக்கிச் செடிகளில் விடுவதற்கு நண்டாருக்கு எட்டுக் கால்களும் போதவில்லை.

முதுகிலிருந்த கடைசி வண்டைத் தட்டிவிட்டு அவர் பேரலகரிடம் வந்தார். பழக்கம் விடவில்லை. "எல்லாம் சரி, தலைவரே. திறந்திருக்கும் இந்த நீரில் நம் பத்துக் கூடையால் திறந்தது எவ்வளவு, கழியாராலும் சுனையாராலும் திறந்தது எவ்வளவு? நம் பங்கு நமக்கு வந்துவிட்டதா?"

பேரலகர் நடுமடுவைக் காட்டினார். அங்கே குஞ்சு மீண்டும் மூழ்கி, வேறோர் இடத்தில் எழுந்து, மறுபடியும் மூழ்கியது.

"அந்தக் குஞ்சு எழும் இடத்தில் எது யாருடைய நீர் என்று ஒரு கோடு கிழித்துக் காட்டும், நண்டாரே. பிறகு நான் பங்கு சொல்கிறேன்!"

இட்டதை எண்ணித் திரும்ப எடுப்பதற்காகப் பிற நாடுகளோடு கூடுபவர் இட்ட அளவோடு நின்றுவிடுவர். தமக்குத் தெரியாததைக் கேட்கவும் தமக்குத் தெரிந்ததைச் சொல்லவும் கூடுபவரே தம் நாட்டின் துன்பத்தைத் தீர்ப்பர்.